கட்டடக் குறைபாட்டு வழக்குகளில் நிபுணர் சாட்சியம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நீதிமன்றத்திற் சான்று பகர்வோர் இருவகையினர். தாம் கண்டதையும் கேட்டதையும் உள்ளவாறு கூறுவோர் ஒரு வகையினர். தாம் பயின்ற கலையின் துணைகொண்டு, கண்டதன் காரணத்தை எடுத்துரைப்போர் மற்றொரு வகையினர். சுவர் வெடித்தது என்பதை அவ்வீட்டில் வாழும் மூதாட்டியே கூறலாம். அச்சுவர் ஏன் வெடித்தது என்பதைக் கூறுதற்கோ மண்ணின் இயல்பும், அத்திவாரத்தின் ஆழமும், கொங்கிறீற்றின் வலிமையும் அறிந்த ஒருவர் வேண்டும். அவரையே சட்டம் நிபுணர் என்கின்றது.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆம் நாள் அதிகாலையிற் கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து அயலிலிருந்த வீட்டின்மீது வீழ்ந்தது. தாயும் தந்தையும் கைக்குழந்தையுமாக ஒரு குடும்பத்தின் மூவர் மாண்டனர். அவர்கள் அக்கட்டடத்தைக் கட்டுவித்தவருமல்லர், கட்டியவருமல்லர், அதன் வரைபடத்தைக் கண்டவருமல்லர். பிறர் கட்டிய கட்டடத்தின் நிழலில் உறங்கியதன்றி அவர்கள் செய்தது யாதுமில்லை. இத்தகையோர்க்கு நீதி கிடைத்தல் வேண்டுமாயின், வீழ்ந்த சுவரையும் சரிந்த மண்ணையும் பேசச் செய்தல் வேண்டும். அவற்றின் மொழியை அறிந்து மன்றத்திற் பெயர்த்துரைப்பவரே நிபுணச் சாட்சி. அச்சாட்சியின் நிலை வரலாற்றில் எவ்வாறு அமைந்தது என்பதையும், மலைநாட்டுத் தலைநகராம் கண்டிக்கு அஃது எவ்வாறு பயன்படும் என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிந்தோரே நடுவராய காலம்

கட்டடத்தைப் பற்றிய பிணக்குகள் புதியனவல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் தன் மூன்றாம் அதிகரணத்தில் வீடு, நிலம், எல்லை ஆகியன பற்றிய வழக்குகளைத் தனியே வகுத்துரைக்கின்றது. அவ்வழக்குகள் அயலாரின் வாய்மொழியைக் கொண்டு தீர்க்கப்படல் வேண்டும் என்பது அந்நூலின் விதி. அயலார் நிலத்தை அறிந்தவர். அது முன்பு எவ்வாறிருந்தது என்பதைக் கண்டவர். ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

தமிழ் நாட்டிலும் இவ்வழக்கத்தின் சாயலைக் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, ஏரி வாரியம், பொன் வாரியம் முதலிய குழுக்களைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைப் பேணுதற்கும் பொன்னின் மாற்றை நோக்குதற்கும் ஊர்ச்சபை தனித்தனிக் குழுக்களை அமைத்தது. மயமதம் முதலிய சிற்ப நூல்களும் நிலச் சோதனையை விரித்துரைக்கின்றன. மனை கோலுமுன் குழியொன்று தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அதில் இடுதல் வேண்டும். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அதமம். இறுகிய மண் கிளறப்பட்டவிடத்துப் பருமனிற் பெருகும் என்பதும், தளர்ந்த மண் மிதித்தவிடத்துக் குறுகும் என்பதும் இச்சோதனையின் அடிப்படையாகும். மண்ணைச் சோதியாது கட்டலாகாது என்ற அறிவு நம் முன்னோர்க்கு இருந்தமைக்கு இதுவே சான்று.

கண்டி இராச்சியத்திலும் ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்தற்குக் கம்சபை என்னும் ஊர்மன்றம் இருந்தது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர்க் கண்டியில் வதிவாளராயிருந்த ஜோன் டொயிலி, அவ்விராச்சியத்தின் அமைப்பைக் குறித்து எழுதிய நூலில் இதனை விவரித்துள்ளார். ஊரின் முதன்மையும் அனுபவமும் உடையோர் அம்பலத்திலோ மரநிழலிலோ கூடி வழக்கை விசாரித்தனர். இம்முறையின் சிறப்பு யாதெனில், நிலத்தை அறிந்தவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரேயாக இருந்தமையாகும். நடுவர்க்கு விளக்கம் கூறுதற்கு வேறொருவர் வேண்டப்படவில்லை. ஆயின் நடுவர் தவறாக அறிந்திருப்பின், அத்தவற்றை வெளிப்படுத்துவாரும் இலர். அறிவும் அதிகாரமும் ஓரிடத்திற் குவிந்தமையின் நன்மையும் தீமையும் இவையே.

ஊழியம் ஒப்பந்தமாயது

கண்டி மன்னர் காலத்திற் கட்டடத் தொழில் இராசகாரிய முறையின்பாற்பட்டது. தச்சர், கொல்லர் முதலிய கம்மியர் கொட்டல்பத்த என்னும் பகுதியில் அடங்கி, நிலமானியம் பெற்று, அதற்கீடாக அரசனுக்கு ஊழியஞ் செய்தனர். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும், 1812இல் முற்றுப்பெற்ற கண்டி ஏரியையும் ஆக்கிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் பணிகள் இம்முறையில் நடைபெற்றவையே. தேவேந்திர மூலாச்சாரி அவற்றின் சிற்பியாவார். இத்தகைய பணியிற் குறை நேர்ந்தால் அது மன்னனுக்கும் ஊழியனுக்கும் இடைப்பட்டது. வழக்கிற்கு அங்கு இடமில்லை.

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நீதிச் சாசனம் தீவு முழுவதற்கும் ஒரேவகையான நீதிமன்ற அமைப்பை வகுத்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்யும் முறை பரவிற்று. 1867இற் கண்டிவரை வந்த இருப்புப் பாதையும் பேவியல் என்னும் ஒப்பந்தகாரராலேயே அமைக்கப்பட்டது. ஊழியம் ஒப்பந்தமாகியவிடத்து, ‘பேசியபடி செய்தானா?’ என்ற வினா பிறந்தது. அவ்வினாவே கட்டடக் குறைபாட்டு வழக்கின் மூலவித்து. அதற்கு விடை காண்பவரோ மரநிழலில் அமர்ந்த ஊர்ப் பெரியவர் அல்லர். சட்டம் மாத்திரம் கற்ற நீதிபதி. கல்லையும் சுண்ணத்தையும் அறியாத அவர்க்கு அறிந்தவர் ஒருவர் உதவி வேண்டப்பட்டது. இவ்வுதவியை எவ்வடிவிற் பெறுவது என்பதை ஆங்கில நாட்டு வழக்கொன்று முன்னரே தீர்மானித்திருந்தது.

வெல்ஸ் துறைமுக வழக்கு

இங்கிலாந்தின் நோர்போக் கரையில் வெல்ஸ் என்னும் சிறு துறைமுகம் உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் வாயில் மணலால் தூர்ந்து வந்தது. அயலிற் கடல்நீர் புகாதவாறு நிலக்கிழார் ஒருவர் எழுப்பிய அணையே இதற்குக் காரணம் எனத் துறைமுகத்தார் கருதி, அதனை வெட்டிவிட முனைந்தனர். அணைக்குரியவரான போக்ஸ் என்பவர் வழக்காடினார். ஜோன் ஸ்மீற்றன் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளர் அவர் பொருட்டுச் சான்று பகர வந்தார். 1759இல் எடிஸ்ரன் பாறையில் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தவர் இவரே.

ஸ்மீற்றனின் வாதம் எளிமையானது. அக்கரையில் வேறு துறைமுகங்களும் உள. அவற்றுக்கு அயலில் அணைகள் இல்லை. ஆயினும் அவையும் தூர்ந்து வருகின்றன. ஆதலின் தூர்வதற்கு அணையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது என்றார். விசாரணை நீதிபதியோ இது கண்ட செய்தியன்று, வெறுங் கருத்தே எனக் கூறி இச்சாட்சியத்தை விலக்கினார். வழக்கு மேலே சென்றது. 1782இல் மான்ஸ்பீல்ட் பிரபு, ஒரு கலையில் வல்லார் அக்கலைக்குட்பட்ட பொருளைக் குறித்துக் கூறும் கருத்து ஏற்கத்தக்க சான்றே என்று தீர்த்தார். துறைமுக அமைப்பில் ஸ்மீற்றனின் அறிவு அத்தகையது என்பது அவர் முடிபு.

இத்தீர்ப்பின் விளைவுகள் இரண்டு. முதலாவது, நிபுணரின் கருத்துக்கு மன்றத்தில் இடம் கிடைத்தது. இரண்டாவது, அந்நிபுணர் நீதிபதியின் ஆலோசகராக அன்றி, கட்சிக்காரர் ஒருவரின் சாட்சியாகக் கூண்டேறினார். பழைய ஊர்மன்றத்தில் ஒன்றாயிருந்த அறிவும் தீர்ப்பும் இங்கே பிரிந்தன. அறிவு ஒரு பக்கத்தாரின் கூலியைப் பெறுவதாயிற்று. பின்வந்த இடர்ப்பாடுகள் பலவும் இவ்விரண்டாம் விளைவின் வழிவந்தனவே.

இலங்கைச் சட்டத்தில் நிபுணர்

வெல்ஸ் துறைமுகத்துக்கும் கண்டி மாநகருக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு சட்டப் புத்தகத்திலேயே உளது. ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவி, இலங்கையில் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 45ஆம் பிரிவு விஞ்ஞானம், கலை முதலியவற்றிற் சிறப்புத் தேர்ச்சியுடையோரின் கருத்தைச் சான்றாக ஏற்கின்றது. நிபுணரின் கருத்தை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும் நிகழ்வுகளும் ஏற்புடையன என்பது 46ஆம் பிரிவு. அப்பிரிவை விளக்குதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று கடற்சுவர் பற்றியது. ஒரு துறைமுகம் தூர்ந்தமைக்குக் கடற்சுவர் காரணமா என்பது வினாவாயின், அத்தகைய சுவரில்லாத பிற துறைமுகங்களும் அக்காலத்திலேயே தூரத் தொடங்கின என்பது ஏற்புடைய நிகழ்வு என்கின்றது அது. ஸ்மீற்றனின் வாதம் பெயர் சுட்டப்படாமல் இந்நாட்டுச் சட்டத்தினுள் புகுந்து, கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும் இன்றுவரை வழங்குகின்றது.

இதனினும் முதன்மையானது 51ஆம் பிரிவு. ஒருவரின் கருத்து ஏற்புடையதாகுமிடத்து, அக்கருத்துக்கு அடிப்படையான காரணங்களும் ஏற்புடையனவாகும் என்று அது விதிக்கின்றது. நிபுணர் தாம் செய்த சோதனைகளை மன்றத்தில் எடுத்துரைக்கலாம் என்பது அதன் எடுத்துக்காட்டு. பட்டமும் பதவியும் ஒருவரைச் சாட்சிக் கூண்டுவரை அழைத்துச் செல்லும். அதற்கப்பால் அவரை நிலைநிறுத்துவது அவர் காட்டும் காரணமே.

45ஆம் பிரிவு பட்டத்தைத் தனித் தகுதியாக வற்புறுத்தவில்லை என்பதும் நோக்கற்பாலது. சிறப்புத் தேர்ச்சி என்பதே அதன் சொல். அத்தேர்ச்சி கல்வியாலும் வரலாம். நீண்ட அனுபவத்தாலும் வரலாம். நாற்பது ஆண்டுகள் கருங்கற் சுவர் கட்டிய மேசன் ஒருவர், நீர் வடிதற்குத் துளை விடாத தாங்கு சுவர் மழைக்காலத்தில் வயிறு தள்ளும் எனக் கூறுமிடத்து, அவர் சொல்லையும் மன்றம் செவிமடுத்தல் தகும்.

நிபுணரும் பிழைபடுவர்

நிபுணரின் சொல் வேதவாக்கன்று. 1873ஆம் ஆண்டிலேயே ஜெசல் என்னும் ஆங்கில நீதிபதி, கூலி பெற்றுச் சான்று பகரும் நிபுணரிடத்துத் தம்மை அமர்த்தியவர்க்கு உதவும் சார்பு இயல்பாகவே தோன்றும் என எச்சரித்தார்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் ரே ஆற்றுப் பாலம் புயலில் முறிந்து, அதன்மீது சென்ற புகையிரதத்துடன் ஆற்றில் வீழ்ந்தது. ஏறத்தாழ எழுபத்தைந்து பேர் மாண்டனர். விசாரணையிற் பொறியியலாளர் பலர் சான்று பகர்ந்தனர். பாலத்தை வரைந்த தோமஸ் பௌச், வண்டியொன்று தடம்புரண்டு மோதியமையே காரணம் என்றார். மன்றம் அதனை ஏற்கவில்லை. வார்ப்பிரும்புத் தூண்களின் உறுப்புக்களைச் சோதனைச்சாலையில் இழுத்துப் பார்த்தபோது, அவை எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்த விசையில் முறிந்தன. வார்ப்பிலிருந்த ஓட்டைகள் மெழுகும் இரும்புத் தூளும் கலந்த பசையால் மறைக்கப்பட்டிருந்தமையும் வெளியாயிற்று. காற்றின் விசையைப் பாலத்தின் அமைப்பு போதிய அளவு கணக்கிற் கொள்ளவில்லை என்பதும் தெளிவாயிற்று. புகழ்பெற்றவரின் கருத்து ஒருபுறமும், முறிந்த இரும்பு மறுபுறமும் நின்றபோது இரும்பே வென்றது. பின்னர்க் கட்டப்பட்ட போர்த் பாலத்துக்குச் சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தத்தைத் தாங்கும் வலிமை விதிக்கப்பட்டது. விசாரணையிற் பிறந்த அறிவு அடுத்த பாலத்தைக் காத்தது.

1953இல் தீர்க்கப்பட்ட எடின்பரோ வழக்கொன்று கட்டடப் பிணக்குகளுக்கு மிக அணித்தானது. மாநகர சபையார் கழிவுநீர்க் கால்வாய் அமைத்தற்கு வெடிவைத்துப் பாறை தகர்த்தனர். அதனால் தம் கட்டடம் சேதமுற்றதென உரியவர் வழக்கிட்டார். அவ்வெடியால் அத்தகைய சேதம் நேராது என்று சபையாரின் நிபுணர் கூறினார். மறுதரப்பில் அவர்க்கு நிகரான நிபுணர் சான்று பகராமையின், நீதிமன்றம் அவர் கருத்தை ஏற்றேயாகல் வேண்டும் என்று வாதிக்கப்பட்டது. கூப்பர் பிரபு இதனை மறுத்தார். நிபுணரின் கடமை, தம் முடிவைச் சோதித்தற்கு வேண்டிய அறிவியல் அளவுகோல்களை நீதிபதியின் கையிற் கொடுத்தலே. நீதிபதியின் இடத்தில் தாம் அமர்தல் அன்று என்பது அவர் தீர்ப்பின் சாரம். இலங்கைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சுருங்கக் கூறிய நெறியையே இத்தீர்ப்பு விரித்துரைத்தது எனலாம்.

1993இல் ஒரு கப்பல் வழக்கில் நீதிபதி கிரெஸ்வெல் நிபுணரின் கடமைகளைத் தொகுத்துக் கூறினார். சாட்சியம் வழக்காடுவோரின் தேவைக்கேற்ப வளையாததாக இருத்தல் வேண்டும். தம் கருத்துக்கு மாறான செய்திகளையும் மறையாது கூறுதல் வேண்டும். தம் துறைக்கு அப்பாற்பட்ட வினாவாயின் அதனை வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 1999இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலக் குடியியல் விதிகள், நிபுணரின் முதற் கடமை நீதிமன்றத்துக்கே உரியது என்று வரையறுத்தன. 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், கவனயீனமாகச் செயற்பட்ட நிபுணர்மீது அவரை அமர்த்தியவரே வழக்கிடலாம் என்றும் தீர்த்தது.

மலைநாட்டின் தனி இயல்பு

இப்பொது விதிகள் கண்டி மலைச்சாரலில் எவ்வாறு செயற்படும் என்பதை இனி நோக்கலாம். கண்டி மூன்று பக்கமும் மகாவலி கங்கை சூழ, குன்றுகளுக்கிடையே அமைந்த நகர். சமநிலம் அரிது. ஆதலின் சாரலை வெட்டி ஒரு பகுதியைத் தட்டையாக்கி, வெட்டிய மண்ணை மறுபகுதியில் நிரப்பி வீடு கட்டுவது வழக்கம். இதனால் வீட்டின் ஒரு பாதி உறுதியான வெட்டுநிலத்திலும் மறுபாதி இறுகாத நிரப்புமண்ணிலும் நிற்க நேர்கின்றது. ஈராண்டு மழைக்குப்பின் நிரப்புமண் தாழும்; வெட்டுநிலம் தாழாது; இடையில் நிற்கும் சுவர் வெடிக்கும்.

எல்லா வெடிப்பும் ஒரு தன்மையனவல்ல. சாந்துப் பூச்சு உலர்வதால் மயிரிழைபோலத் தோன்றும் வெடிப்பு அச்சத்துக்குரியதன்று. யன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து செல்லும் வெடிப்பு அத்திவாரம் ஒருபுறந் தாழ்ந்தமையைக் காட்டும். கூரைத் தட்டும் சுவரும் சேருமிடத்திற் கிடையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலால் தட்டு விரிந்து சுருங்குவதன் விளைவு. வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினாற் பதித்துவிட்டால், அசைவு தொடருமிடத்துக் கண்ணாடி முறிந்துவிடும். அசைவு நின்றுவிட்டதா, இன்னும் நிகழ்கின்றதா என்பதை அதனால் அறியலாம். கொங்கிறீற்றைத் துளைத்தெடுத்த உருளையை நசுக்கிப் பார்த்தால் அதன் வலிமை புலனாகும். மன்றத்துக்கு வேண்டிய காரணங்கள் இத்தகைய எளிய சோதனைகளே. இவற்றுள் எதனையும் நிபுணரல்லாத நீதிபதியும் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு வெடிப்புக்குப் பலர் பொறுப்பாதலும் உண்டு. வரைந்தவர் அத்திவாரத்தை ஆழம் குறைத்திருக்கலாம். கட்டியவர் சீமெந்தைக் குறைத்திருக்கலாம். உரியவர் இரண்டு மாடிக்கு அனுமதி பெற்று நான்கு மாடி எழுப்பியிருக்கலாம். கீழ்வீட்டுக்காரர் சாரலின் அடியை வெட்டியிருக்கலாம். மேல்வீட்டுக்காரர் கூரைநீரைச் சாரலிற் பாயவிட்டிருக்கலாம். இவற்றைப் பிரித்துக் காட்டுவதே நிபுணரின் பெரும்பணி. குறை வெளிப்படுமுன் காலம் கடந்துவிடுதலும் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலமைந்த ஒப்பந்தத்துக்கு ஆறாண்டும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டும், தீங்கியல் இழப்பீட்டுக்கு ஈராண்டுமே வழக்கிடுதற்குரிய எல்லை. மலைநாட்டிற் சிறு வீடுகள் பலவும் வாய்மொழியிற் பேசியே கட்டப்படுகின்றன. ஆதலின் வெடிப்புத் தோன்றிய பொழுதே தகுந்தவரைக் கொண்டு ஆராய்ந்து பதிவுசெய்து வைத்தல் இன்றியமையாதது.

‘தெய்வச் செயல்’ என்னும் மறுமொழியும் இங்கு அடிக்கடி எழும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலின் பெருமழையாற் கண்டி மாவட்டத்தின் பல பகுதிகளில் மலை சரிந்து உயிர்கள் மாண்டன. அத்தகைய மழையின் முன் எக்கட்டடமும் நில்லாது என்று கூறுதல் எளிது. சிலவிடத்து அஃது உண்மையுமாகும். ஆயின் ஒரே சாரலில் ஒரே மழையில் நனைந்த இரு கட்டடங்களுள் ஒன்று நிற்க, மற்றொன்று வீழுமாயின் மழையொன்றையே காரணமாகக் கூறுதல் அமையாது. ஸ்மீற்றன் பிற துறைமுகங்களை நோக்கியதுபோல, இங்கும் நிபுணர் நின்ற கட்டடத்தை நோக்குதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஹாரகம, அனுரகம முதலிய ஊர்களில் நிலம் அதிர்ந்தது. பின்வந்த மாதங்களிலும் சிற்றதிர்வுகள் உணரப்பட்டன. வீடுகளில் வெடிப்புத் தோன்றியதாக மக்கள் முறையிட்டனர். சுண்ணாம்புக்கல் அகழ்வின் வெடியா, நீர்த்தேக்கத்தின் சுமையா, நிலத்தின் இயற்கை அசைவா என்ற வினாக்கள் எழுந்தன. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தார் ஆராயச் சென்றனர். இத்தகைய வினாவுக்கும் 46ஆம் பிரிவின் நெறியே வழிகாட்டும். அகழ்விடத்துக்குச் சேய்மையிலுள்ள வீடுகளும் அதே நாளில் வெடித்தனவா? வெடி வைக்காத நாளிலும் நிலம் அதிர்ந்ததா? அதிர்வுக்கு முன்னரே அவ்வெடிப்பு இருந்ததா? இவற்றுக்கு விடை கூறாத நிபுணர், எத்துணைப் பட்டம் பெற்றவராயினும், மன்றத்துக்கு உதவியவராகார்.

ஒப்பந்தத்துக்குப் புறம்பானோர்

இன்றைய பெருங்கட்டட ஒப்பந்தங்களிற் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே பெரிதும் தீர்க்கப்படுகின்றன. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. நடுத்தீர்ப்பாளராகப் பொறியியலாளரே அமர்தலும் உண்டு. அறிந்தவரே நடுவராகும் பழைய கம்சபை முறை புதிய உருவில் மீண்டது எனலாம்.

ஆயினும் இம்முறை ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டவர்க்கே உரியது. பூவெலிகடவில் மாண்ட குடும்பம் எவ்வொப்பந்தத்திலும் கைச்சாத்திட்டதன்று. 2014ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்திற் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தபோது மாண்ட 61 பேரிற் பெரும்பாலார் அங்கு வேலை செய்த கூலித் தொழிலாளர். அவர்களும் வீடு வாங்க ஒப்பந்தஞ் செய்தவரல்லர். அவ்விபத்தை ஆராய நீதிபதி ரகுபதி தலைமையில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அருகே நின்ற இரட்டைக் கட்டடம் பாதுகாப்பற்றதெனத் துணியப்பட்டு, 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வீழ்ந்த கட்டடத்தைக் குறித்துச் சொல்லும் நிபுணரின் சொல்லுக்கு இறந்தோரின் நீதி பொருள். வீழாத கட்டடத்தைக் குறித்துச் சொல்லும் சொல்லுக்கோ இருப்போரின் உயிரே பொருள்.

ஒப்பந்தத்துக்குப் புறம்பான அயலார்க்கு உரோம டச்சுச் சட்டத்தின் தீங்கியல் வழக்கே புகலிடம். அவ்வழக்கிற் கவனயீனத்தையும் காரணத்தையும் மெய்ப்பிக்கும் சுமை வழக்கிடுபவர் தலைமேலது. பெருங்கட்டடத்துக்குரியவர் பல நிபுணரை அமர்த்துவர். கீழ்வீட்டுக்காரர் ஒருவரையேனும் அமர்த்தப் பொருளிலர். இவ்வேற்றுமையை நீக்குதற்குச் சட்டத்தில் வழியில்லாமலில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கை முறைக் கோவையின்படி, தேவை கருதுமிடத்து நீதிமன்றமே ஆணையாளர் ஒருவரை நியமித்து, இடத்தை நேரிற் சென்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு பணிக்கலாம். நில அளவை வழக்குகளில் இம்முறை நெடுங்காலமாக வழங்குகின்றது. கட்டடக் குறைபாட்டு வழக்குகளிலும் இதனை மிகுதியாகக் கையாளல் தகும். அவ்வாணையாளர் இரு கட்சியார்க்கும் பொதுவானவர், மன்றத்துக்கே கடமைப்பட்டவர். ஆயினும் அவர் அறிக்கையும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே. ஊர்மன்றத்தில் அறிந்தோரின் பிழையைத் திருத்துவாரிலர் என்ற குறை இம்முறையில் இல்லை. பொருளில்லாதார்க்குச் சட்டத்தரணியை உதவும் பொருட்டு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. சட்டத்தரணியை ஒத்த தேவையே நிபுணரும் என்பதை நாடு உணர்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியக்கிடப்பது ஒன்று. நிபுணரின் மதிப்பு அவர் பட்டத்திலோ, அவரை அழைத்தவரின் செல்வத்திலோ தங்கியதன்று. பிறர் சோதித்தறியத்தக்க காரணத்தை முன்வைப்பதில் தங்கியது. வெல்ஸ் துறைமுகத்தில் ஸ்மீற்றன் காட்டியதும், ரே பாலத்தின் முறிந்த இரும்பு காட்டியதும், எடின்பரோ நீதிபதி வரையறுத்ததும், இந்நாட்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு விதிப்பதும் இதுவே.

கண்டிப் பகுதி இவ்வறிவுக்கு வறுமைப்பட்டதன்று. 1950இற் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பொறியியற் பீடம் பின்னர்ப் பேராதனைக்கு வந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறியியலாளரை ஆக்கி வருகின்றது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைச்சரிவுகளின் அபாயத்தை ஆராய்ந்து வரைபடமாக்கி வருகின்றது. வேண்டுவது, அவ்வறிவைக் கூண்டிலேறி அச்சமின்றியும் சார்பின்றியும் எளிய மொழியிற் கூறும் துணிவு. இன்று வகுப்பறையிற் பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவருட் சிலர் நாளை அக்கூண்டில் ஏறுவர். தம்மை அழைத்தவர் மேல்வீட்டுக்காரராயினும், தாம் கூறும் காரணம் கீழ்வீட்டில் உறங்கும் குழந்தையின் உயிரையும் பற்றியது என்பதை அவர்கள் அன்று நினைவிற் கொள்வாராக.